பப்பாளி மாவுப்பூச்சியை இனம் பிரித்தறிவது எப்படி

இலையின் அடியில் பஞ்சை ஒட்டியதுபோல வெள்ளை படர்ந்திருந்தால் அது மாவுப்பூச்சி என்று எந்த விவசாயியும் சொல்லிவிடுவார். எந்த மாவுப்பூச்சி என்று கேட்டால்தான் பதில் வரத் தயங்கும். பூச்சியியல் நூல்களில் மட்டும் தேவைப்படும் நுணுக்கம்போல இது தோன்றினாலும், தோட்டத்தில் செய்யப்போகும் வேலை முழுவதும் இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்ததே. மாவுப்பூச்சிகளைக் கட்டுப்படுத்த இன்று நம் கையில் இருக்கும் மிகச் சிறந்த துணை ஒட்டுண்ணிக் குளவிகள். அக்குளவிகளில் பலவும் தமக்குரிய ஓரினத்தையோ அதற்கு நெருங்கிய சில இனங்களையோ மட்டுமே தேடிச் சென்று முட்டையிடும். வேறோர் இனத்தின்மேல் கொண்டுபோய் விட்டால் அவற்றின் சந்ததி வளராது. ஆகவே பெயரைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகே மருந்தைப் பற்றியோ குளவியைப் பற்றியோ பேச வேண்டும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி ஆகியவற்றில் வரும் பப்பாளி மாவுப்பூச்சியை எப்படி அடையாளம் காண்பது, அதன் வளர்பருவங்களை எப்படிப் படிப்பது, அந்த அறிவை எங்கே பயன்படுத்துவது என்பதே இங்கு சொல்லப்படுவது.

வகைப்பாட்டில் இதன் இடம்

மாவுப்பூச்சிகள் செதில் பூச்சிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவை. அசுவினியும் வெள்ளை ஈயும் இடம்பெறும் ஹெமிப்டீரா வரிசையில், காக்காய்டியா என்னும் மேற்குடும்பமே செதில் பூச்சிகளுக்கு உரியது. கொய்யாக் கிளையில் ஓடுபோல ஒட்டிக்கிடப்பவையும், சப்பாத்திக் கள்ளியில் சாயத்துக்காக வளர்க்கப்பட்ட கோச்சினீல் பூச்சியும், அரக்குப் பூச்சியும் இதே மேற்குடும்பத்தின் வெவ்வேறு குடும்பங்கள். கடினமான ஓட்டுக்குப் பதிலாக மாவு போன்ற மெழுகைப் பூசிக்கொண்டு, கால்களை இழக்காமல், வாழ்நாள் முழுவதும் ஓரளவு நகரக்கூடியவை சூடோகாக்கிடே குடும்பத்தவை. அந்தக் குடும்பத்தின் பாராகாக்கஸ் பேரினத்தைச் சேர்ந்தது பப்பாளி மாவுப்பூச்சி. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்ற பெயரை 1992-ஆம் ஆண்டில் வில்லியம்ஸ், கிரனாரா தெ வில்லிங்க் ஆகிய இருவரும் சூட்டினர். அதற்கு வெகுகாலம் முன்னரே, 1955-இல், மெக்சிகோவில் இதன் மாதிரிகள் சேகரிக்கப்பட்டிருந்தன. தாய்நிலமான மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இது பெருந்தொல்லையாக இருந்ததில்லை; அங்கு இதைத் தின்று வாழும் எதிரிகள் இதனோடு கூடவே இருந்தன. 1990-களில் கரீபியத் தீவுகளுக்கும், 1998-இல் ஃபுளோரிடாவுக்கும், பின்னர் பசிபிக் தீவுகளுக்கும் பரவியபோது அந்த எதிரிகள் உடன் வரவில்லை. 2008-இல் கோயம்புத்தூரில் இது பதிவானது. அதே ஆண்டில் இலங்கையிலும் இந்தோனேசியாவிலும் கண்டறியப்பட்டது.

செதில் பூச்சிகளின் வகைப்பாட்டில் புதிதாக வருபவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. ஆணும் பெண்ணும் ஒரே இனத்தவை என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு வேறுபட்டவை. ஆண் இறக்கையுள்ள சிறு பூச்சி. வளர்ந்தபின் அதற்கு வாயுறுப்பு இராது, உணவும் இராது. பெண்ணோ இறக்கையற்று, கடைசிவரை இளம்பருவத்தின் வடிவிலேயே இருந்துவிடும். பறக்கும் ஆண் கையில் சிக்குவது அரிது என்பதால், இனங்களின் விவரணைகள் எல்லாம் முதிர்ந்த பெண்ணின் உடலமைப்பை வைத்தே எழுதப்பட்டுள்ளன. குஞ்சுகளை மட்டும் கொண்டுபோய் இனம் கேட்டால் பூச்சியியல் வல்லுநரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்.

வகைப்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மரவள்ளியின் வரலாறே போதும். 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் மரவள்ளியை அழிக்கத் தொடங்கிய மாவுப்பூச்சிக்கு 1977-இல் ஃபீனாகாக்கஸ் மேனிஹோட்டி என்று பெயர் வைக்கப்பட்டது. அதன் எதிரியைத் தேடித் தென்னமெரிக்காவின் வடபகுதிக்குச் சென்றவர்கள், மரவள்ளியில் ஏறக்குறைய அதேபோலிருந்த மாவுப்பூச்சி ஒன்றையும் அதன் ஒட்டுண்ணிகளையும் கண்டுபிடித்தனர். ஆனால் அந்த ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் வளரவே இல்லை. பிறகு நுணுகிப் பார்த்தபோது அது வேறோர் இனம் என்று தெரிந்தது. 1981-இல் அதற்கு ஃபீனாகாக்கஸ் ஹெரெனி என்று தனிப்பெயர் தரப்பட்டது. உண்மையான இனம் அதே ஆண்டில் பராகுவேயில் கிடைத்தது. அங்கிருந்து கொண்டுவரப்பட்ட அனகைரஸ் லோபெசி என்ற குளவி ஆப்பிரிக்க மரவள்ளியைக் காப்பாற்றியது. அப்பணிக்குத் தலைமை ஏற்ற ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அந்த இரண்டு இனங்களையும் வெறுங்கண்ணால் பிரிக்க உதவிய வேறுபாடு எளியது: ஒன்று மஞ்சள், மற்றது இளஞ்சிவப்பு.

கைலென்ஸில் பார்க்க வேண்டியவை

10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். காலை வெயில் ஏறுவதற்கு முன், இலையைப் பறிக்காமல் திருப்பிப் பிடித்து, நரம்பை ஒட்டிய கூட்டத்தில் பெரிதாக இருக்கும் பெண் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பப்பாளி மாவுப்பூச்சியின் முதிர்ந்த பெண் சுமார் 2.2 மில்லிமீட்டர் நீளமும் 1.4 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. மெழுகு மெல்லிய பூச்சாகவே இருப்பதால் அடியிலுள்ள மஞ்சள் நிறம் தெளிவாகத் தெரியும். முதுகில் மெழுகு இல்லாத கறுப்புக் கோடுகளோ திட்டுகளோ இருக்கக் கூடாது. இருந்தால் அது வேறோர் இனம். உடலின் ஓரம் முழுவதும் குட்டையான மெழுகு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் எதுவும் உடல் நீளத்தில் கால்பங்கைத் தாண்டாது.

அடுத்து முட்டைப்பையைப் பாருங்கள். பெண் தன் அடிவயிற்றுப் பக்கத்தில் நூற்கும் இந்த வெண்பஞ்சுப் பை, முழுமையடையும்போது உடலைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ நீளும். மெல்லிய ஊசியால் பையைப் பிரித்தால் உள்ளே பச்சை கலந்த மஞ்சள் முட்டைகள் தெரியும். இந்த நிறத்தைக் குறித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் இளஞ்சிவப்புச் செம்பருத்தி மாவுப்பூச்சியின் முட்டைகள் ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி இளஞ்சிவப்பாக மாறும். அதன் உடலை நசுக்கினால் வரும் நீரும் செந்நிறமாக இருக்கும்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உள்ளது. பப்பாளி மாவுப்பூச்சியின் கூட்டத்திலும் இளஞ்சிவப்பு உடல்கள் கிடக்கும். அவை வேறோர் இனத்தின் கலப்பு அல்ல. இவ்வினத்து ஆண் குஞ்சுகள் தொடக்கத்தில் மஞ்சளாக இருந்து, இரண்டாம் பருவத்தின் பிற்பகுதியிலும் கூட்டுப்புழுப் பருவத்திலும் இளஞ்சிவப்பாகிவிடும். ஆகையால் நிறத்தை வைத்து முடிவு செய்யும்போது முட்டையிடும் பெண்ணை மட்டுமே சான்றாகக் கொள்ள வேண்டும்.

குழப்பும் மற்ற வெள்ளைகள்

பருத்தி மாவுப்பூச்சியின் முதுகில் மெழுகு விலகிய கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். ஃபெரிசியா விர்கேட்டா என்ற வரி மாவுப்பூச்சியின் முதுகில் இரு கருங்கோடுகளும், பின்புறம் இரண்டு நீண்ட வால் இழைகளும், உடலெங்கும் கண்ணாடி நூல்போன்ற மெல்லிழைகளும் இருக்கும். இவ்விரண்டையும் ஒருமுறை பார்த்தவர் பிறகு தவறவிட மாட்டார். மல்பெரியில் நுனி சுருங்கி, இலை கரும்பச்சையாகக் கசங்கித் துக்ரா அறிகுறி காட்டினால் பெரும்பாலும் அது இளஞ்சிவப்புச் செம்பருத்தி மாவுப்பூச்சியின் வேலை. அதே மல்பெரியில் பப்பாளி மாவுப்பூச்சியும் வரும் என்பதால் பெண்ணின் நிறத்தைப் பார்க்காமல் அறிகுறியை மட்டும் நம்ப வேண்டாம். பப்பாளி இலையின் அடியில் சுருள் சுருளாக வெண்மெழுகுக் கோலம் தெரிந்தால் அது சுருள் வெள்ளை ஈ.

மரவள்ளியில்தான் கவனம் அதிகம் தேவை. 2020-இல் ஃபீனாகாக்கஸ் மேனிஹோட்டி கேரளத்தில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் வட்டார மரவள்ளியிலும் பரவியது. அதன் பெண் இளஞ்சிவப்பு நிறம். ஓர இழைகள் மிகக் குறுகியவை. ஆண் இல்லாமலேயே முட்டையிடும். கொழுந்தைத் தாக்கி நுனியைக் குடுமிபோல் கொத்தாகச் சுருக்கிவிடும். பப்பாளி மாவுப்பூச்சியின் பெண் மஞ்சள். ஒரே செடியில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே ஒரு செடியில் ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டு வயல் முழுவதற்கும் பெயர் சூட்டாமல், வயலின் வெவ்வேறு மூலைகளிலும் கொழுந்து, நடுத்தண்டு, அடியிலை என வெவ்வேறு உயரங்களிலும் பார்ப்பது அவசியம்.

மாவுப்பூச்சியே அல்லாத இரண்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அவை தவறுதலாகக் கொல்லப்படுகின்றன. கூட்டத்தின் நடுவே ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, தடித்த வெண்மெழுகுக் குச்சங்களோடு, விரைவாக நடந்து போனால் அது கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிகளைத் தின்பதற்காகவே அங்கு வந்தது. மற்றொன்று ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்ற சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு. தின்ற பூச்சிகளின் மெழுகையே தன் முதுகில் பூசிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கும். அதன் கூட்டுப்புழுவை உற்றுப் பார்த்தால் குரங்கின் முகம்போலவே இருக்கும். ஒருமுறை பார்த்த குழந்தைகூட மறக்காது. ஊசியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: மாவுப்பூச்சி வாயுறுப்பைத் திசுவில் செருகியபடி அசையாமல் இருக்கும் அல்லது சோம்பலாக நகரும், பொறிவண்டின் புழு உடனே விலகி நடக்கும்.

மாதிரி எடுத்து உறுதி செய்தல்

லென்ஸ் தரும் விடை தோட்ட வேலைக்குப் போதுமானது. புதிய ஊரில், புதிய பயிரில் பார்த்தாலோ, குளவி கேட்டு விண்ணப்பிக்கப் போவதாக இருந்தாலோ மாதிரியை நுண்ணோக்கிக்கு அனுப்பி உறுதி செய்வது முறை. நீர்வண்ணம் தீட்டும் மெல்லிய தூரிகையின் நுனியை ஆல்கஹாலில் நனைத்து, பெண்ணை மெதுவாகத் தொட்டு எடுக்க வேண்டும். நகத்தாலோ இடுக்கியாலோ பிய்த்தால் திசுவுக்குள் இருக்கும் வாயிழை அறுந்து உடல் கிழியும். முட்டைப்பை நூற்கத் தொடங்காத இளம் பெண்களையே அதிகம் சேருங்கள். முட்டை நிறைந்த உடல், நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடி வில்லையில் (ஸ்லைடு) தெளிவாக வராது. 70 முதல் 80 சதவீத ஆல்கஹால் நிரப்பிய சிறு குப்பியில் இட்டு, செடி, ஊர், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய துண்டுத்தாளைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

குப்பியில் இட்ட பூச்சி ஓரிரு நாளில் நீலங்கலந்த கறுப்பாக மாறினால் அது பாராகாக்கஸ் என்பதற்கு நல்ல அறிகுறி. ஆனால் இந்நிறமாற்றம் அப்பேரினத்தின் மற்ற இனங்களிலும் காணப்படுவதால், இதைக்கொண்டு பேரினத்தை ஊகிக்கலாமே தவிர இனத்தை உறுதி செய்ய முடியாது.

இனத்தை உறுதி செய்யும் வேலை வில்லையில்தான் முடியும். கல்லூரி ஆய்வகம் உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்யலாம். உடலின் பக்கவாட்டில் ஊசியால் சிறு கீறல் இட்டு, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கொதிக்கவிடாமல் மிதமாகச் சூடாக்க வேண்டும். அவசரமில்லை என்றால் அறை வெப்பத்தில் ஓரிரவு ஊறவைப்பது பாதுகாப்பானது. இக்கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். உள்ளுறுப்புகள் கரைந்தபின் நீருக்கு மாற்றி, தட்டையான ஊசியால் மெல்ல அழுத்தி உள்ளிருப்பதை வெளியேற்றினால் ஒளி ஊடுருவும் தோல் மட்டும் எஞ்சும். அதை ஆசிட் ஃபுச்சினில் சாயமேற்றி, படிப்படியாக அடர்த்தி கூடும் ஆல்கஹாலில் நீரகற்றி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் பதித்து மூடுவில்லையிட வேண்டும். நீரகற்றுவதில் அவசரப்பட்டால் பால்சம் பால்போல் மங்கிவிடும். அந்த வில்லையில் எதையும் எண்ண முடியாது.

400 மடங்கில் பார்க்கும்போது முதலில் உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள். பப்பாளி மாவுப்பூச்சியின் பெண்ணுக்கு 8 கணுக்கள். ஃபீனாகாக்கஸ் இனங்களில் பொதுவாக 9. ஃபீனாகாக்கஸின் கால் நகத்தின் உட்புறம் சிறு பல் ஒன்று துருத்தியிருக்கும். பாராகாக்கஸில் அது இல்லை. இவ்விரண்டிலேயே மரவள்ளிக் குழப்பம் தீர்ந்துவிடும். பாராகாக்கஸுக்குள் இனம் பிரிக்க, மெழுகு சுரக்கும் உறுப்புகளைப் படிக்க வேண்டும். தோலெங்கும் பரவிய முக்கண் துளைகள் உடல்மேல் மாவையும், பிறப்புறுப்பை ஒட்டிய பல்கண் துளைகளும் குழல்களும் முட்டைப்பைக்குரிய மெழுகையும் சுரப்பவை. வாயில் வளையம் உள்ள குழல்கள் முதுகின் ஓரப்பகுதியில் மட்டும் இருப்பதும், பின்காலின் கெண்டைப் பகுதியில் துளைகள் இல்லாதிருப்பதும் சேர்ந்து பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸை அதன் உறவினங்களிலிருந்து பிரிக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். குறைந்தது சில வில்லைகளிலாவது இரண்டும் ஒத்துவர வேண்டும்.

ஆய்வக வசதி இல்லாதவர்கள் குப்பியை அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையிலோ கொடுக்கலாம். உயிருள்ள பூச்சியோடு கிளையை ஒடித்துப் பேருந்தில் கொண்டுபோவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இந்தப் பூச்சி ஊர்விட்டு ஊர் போனதில் பெரும்பங்கு மனிதக் கைகளுக்கு உண்டு.

வளர்பருவங்களைப் படித்தல்

ஒரு பெண் 100 முதல் 600 வரை முட்டைகளை, ஒன்றிரண்டு வாரங்களில் தொடர்ந்து இடும். பொரித்து வெளிவரும் ஊரும் குஞ்சுகளே பரவும் பருவம். காற்று, எறும்பு, உடை, கூடை, நாற்று என எதில் தொற்றியும் அடுத்த செடிக்குப் போய்விடும். பெண் மூன்று இளம்பருவங்களைக் கடந்து முதிரும். ஆண் இரண்டாம் பருவத்துக்குப் பின் மெழுகுக் கூட்டுக்குள் முன்கூட்டுப்புழு, கூட்டுப்புழு என இரு நிலைகளைக் கடந்து இறக்கையோடு வரும். ஆய்வகத்தில் மாறாத 25 பாகை செல்சியஸில் பெண் முதிர 24 முதல் 26 நாட்களும், ஆண் முதிர 27 முதல் 30 நாட்களும் ஆகின்றன. 18 முதல் 30 பாகை வரை வாழ்க்கைச் சுற்று முழுமையடைகிறது. 34 பாகையில் முட்டை பொரித்தாலும் குஞ்சு முதிர்வதில்லை. தோட்டத்தில் வெப்பம் மாறிக்கொண்டே இருப்பதாலும் இலையடி நிழல் குளிர்ந்தே இருப்பதாலும் கோடையில் தானாகவே ஒழிந்துவிடும் என்று இதை வைத்து எண்ணிவிடக் கூடாது.

இந்தக் கணக்கின் நடைமுறைப் பயன் நேரத்தைத் தேர்வதில் உள்ளது. முட்டைப்பையின் மெழுகு நீரை ஒட்டவிடாது. அதன்மேல் தெளிக்கும் எதுவும் உருண்டு விழும். மெழுகு ஏறாத ஊரும் குஞ்சுதான் எளிதில் சாகும். எனவே தெளிப்பது தவிர்க்க முடியாதபோது, குஞ்சுகள் நரம்புகளில் ஊர்வதை லென்ஸில் பார்த்த பிறகு, பரிந்துரைக்கப்படும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அல்லது லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு ஆகியவற்றில் ஒன்றை இலையடி நனையும்படி தெளிக்கலாம். பூச்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவைத் தேடி எறும்புகள் வரும். அதே கழிவின்மேல் கரும்பூசணம் படரும். எறும்பு மொய்க்கும் கூட்டத்தை ஒட்டுண்ணிகள் நெருங்குவது கடினம் என்பதால் எறும்புப் புற்றைக் கவனிப்பதும் இந்த வேலையில் சேரும். வரப்போரத்துப் பார்த்தீனியம், துத்தி போன்ற களைகளையும் திருப்பிப் பாருங்கள். பயிரில் ஒழிந்தபின் பூச்சி அங்கிருந்தே திரும்ப வரும்.

தெளிக்கும் முன் குளவியைத் தேடுதல்

2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணி இனங்கள் பெங்களூருவில் உள்ள, இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் எனப்படும் நிறுவனத்துக்குத் தருவிக்கப்பட்டு, சோதனைக்குப்பின் தமிழ்நாட்டில் விடப்பட்டன. அவற்றுள் அசிரோஃபேகஸ் பப்பாயே நன்கு நிலைத்தது. ஒரு மில்லிமீட்டரையும் எட்டாத, ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறக் குளவி அது. இரண்டாம் பருவக் குஞ்சை விரும்பி, அதன் உடலுக்குள் ஒரு முட்டை இடும். குளவிப் புழு உள்ளிருந்தே தின்று வளர, மாவுப்பூச்சி உப்பி, பழுப்பேறிக் கூடாகிவிடும். பல்கலைக்கழகப் பரிந்துரை ஒரு குக்கிராமத்துக்கு 100 குளவிகள். தோட்டந்தோறும் விட வேண்டியதில்லை, அவை தாமே தேடிப் பரவும். மரவள்ளியின் ஃபீனாகாக்கஸ் மேனிஹோட்டிக்கு இக்குளவி உதவாது. அதற்கென அனகைரஸ் லோபெசி மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவிக்கப்பட்டு 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விடப்பட்டது.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு உரிய அசிரோஃபேகஸ் குளவி இன்று பல ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே விலைகொடுத்து வாங்குவதற்கு முன்னும், மருந்து கலக்குவதற்கு முன்னும் அது உங்கள் தோட்டத்தில் உள்ளதா என்று பார்ப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். பூச்சி பிடித்த இலைகள் சிலவற்றைத் தோட்டத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து பறித்து, கூட்டத்தை லென்ஸில் வைத்துப் பழுப்புக் கூடுகளைத் தேடுங்கள். கூட்டின் ஒரு முனையில் ஊசி குத்தியதுபோல் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. துளை இல்லாமல் கெட்டியாக இருந்தால் உள்ளே இன்னும் இருக்கலாம். ஐயம் இருந்தால் அந்த இலைகளை அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் இட்டு, வாயை மெல்லிய மல் துணியால் இறுகக் கட்டி, வெயில்படாத வெளிச்சத்தில் வைத்து இரண்டு வாரம்வரை கவனியுங்கள். குளவிகள் வெளிச்சம் வரும் பக்கத்துத் துணியில் வந்து கூடும். அப்படிக் கூடினால், அந்த வட்டாரத்தில் வேதிமருந்து தெளிப்பதை நிறுத்திவிட்டு, பாட்டிலை மாலை வேளையில் பூச்சி அதிகமுள்ள மரத்தின் கிளையிடுக்கில் சாய்த்துக் கட்டித் துணியை அவிழ்த்துவிடுங்கள். கூடு ஒன்றுகூட இல்லாமல் பாட்டில் வெறுமையாக இருந்தால் மட்டும், மாதிரிக் குப்பியையும் உறுதியான இனப்பெயரையும் கொண்டு பல்கலைக்கழகத்தை அணுகிக் குளவி கேளுங்கள்.